ஒற்றைக் கண் பனிமனிதன்

இங்கிலாந்துக்குக் குடிபோன வருடம், கிறிஸ்துமஸ் அன்று தெருவில் ஒரு பஸ்கூட ஓடவில்லை. கணவருக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. வீட்டில் நானும் ஹீட்டரும்தான். தங்கை வேலை செய்யும் பனியன் கம்பெனியின் சரக்கு இங்கே எந்தக் கடைக்கு வருகிறது என்று கேட்டுவைத்து, முழு விலை கொடுத்து வாங்கிய பனியனைப் போட்டிருந்தேன். மார்பில் எம்பிராய்டரியில் ஒரு பனிமனிதன்.

மத்தியானம் வீடியோ காலில், கம்ப்யூட்டரில் ஊரிலுள்ள எங்கள் நல்லூர் வீடு தெரிந்தது. அப்பா, அம்மா, தங்கை, அவள் பிள்ளைகள் எல்லோர் மேலும் அதே பனியன். எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்டதுதான் எப்போதும் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் துணி. இந்த முறை மிஷின் பிசகி, பனிமனிதனுக்கு ஒரு கண் விழவில்லை. ஒருவர் மார்பை ஒருவர் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கென்னங்க்கா, ரெண்டு கண்ணும் இருக்கற நல்ல பீஸாப் போட்டிருக்கீங்க" என்றாள் தங்கை, அம்மாவின் தோளில் சாய்ந்தபடி.

எனக்கு வயிறு எரிந்தது. அந்தத் தோள் அவளுக்குத் தினமும் கிடைக்கிறது.

"ஆமா, நல்ல பீஸ்தான்" என்று சொல்லிக் கம்ப்யூட்டரை அணைத்தேன். கத்தரிக்கோலை எடுத்து, என் பனிமனிதனின் ஒரு கண்ணை நூல் நூலாகப் பிரித்தேன். கண்ணாடியில் பார்த்தபோது அவர்களுடையதைப் போலவே இருந்தது. காட்டிச் சிரிக்கத்தான் ஆளில்லை.