வயர் ஹாலேஷ்

"போன் இருக்கட்டும். முதல்ல வயரைக் காட்டுங்க" என்கிறார் ஹாலேஷ்.

வந்தவர் பையைத் துழாவி ஒரு வெள்ளை வயரை நீட்டுகிறார். ஹாலேஷ் அதை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து, பூக்காரி சரத்தைப் பார்ப்பதுபோல் முனையிலிருந்து முனை வரை தடவிக்கொண்டு போகிறார். பாதி வழியிலேயே முகம் சுருங்கிவிடுகிறது. "இது சோறு மட்டும் போடும். பேசாது" என்று திருப்பிக் கொடுக்கிறார்.

விஷயம் இதுதான். வயருக்குள் நான்கு இழைகள் இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் பேச்சுக்கு. மலிவு வயரில் பேசுகிற இழைகள் இரண்டும் இருக்காது. போன் சார்ஜ் ஏறும். கம்ப்யூட்டரோ, அப்படி ஒரு போன் வந்ததாகவே காட்டிக்கொள்ளாது. ஜனங்கள் போனைத் தட்டுவார்கள், கம்ப்யூட்டரைத் திட்டுவார்கள், வயரை ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். நம்பாதவர்களுக்கு ஹாலேஷ் பிளேடால் அறுத்தே காட்டிவிடுவார். அறுபட்ட வயர்கள் ஒரு சாக்கு நிறைய அவர் காலடியில் கிடக்கின்றன. தாவணகெரெயில் ஹாலேஷ் என்ற பேரில் நூறு பேராவது இருப்பார்கள். வயர் ஹாலேஷ் என்றால் இவர் ஒருவர்தான்.

பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மூன்று மாடிக் கட்டடம் என்னுடையது. பன்னிரண்டு வயதில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து, மண்டக்கி பொரிக்கிற பட்டியில் அடுப்புக்கு உமி தள்ளியவன் நான். பொரியை இங்கே மண்டக்கி என்பார்கள், அதைப் பொரிக்கிற சூளையைப் பட்டி என்பார்கள். நாலாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் நான்கு பாஷை பேசுவேன், இன்றைக்கு இரண்டு பட்டிக்கு முதலாளி. இந்தக் கட்டடத்துக்கு எஞ்சினியர் போட்ட படிக்கட்டுக் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தவனும் நான்தான். அந்தப் படிக்கட்டுக்கு அடியில் மிஞ்சிய முக்கோண இடத்தில்தான் ஹாலேஷின் கடை. பதினோரு வருஷமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் உட்காரும் இடம் அவருக்கு எதிர் நாற்காலி. ஆகையால் அவரைப் பற்றி எழுத என்னைவிட யோக்கியதை உள்ளவன் இந்த ஊரில் கிடையாது.

ஹாலேஷுக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். கூரை சரிவாக இறங்குவதால் வலது பக்கமாகத் தலையைச் சாய்த்தே உட்கார்ந்திருப்பார். அந்தச் சாய்வு இப்போது தெருவில் நடக்கும்போதும் போவதில்லை. மூக்குக் கண்ணாடியை ஒரு பழைய சார்ஜர் வயரால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். இந்த ஊரில் சாயங்காலமானால் மண்டக்கியும் மிளகாய் பஜ்ஜியும் சாப்பிடாதவன் மனுஷனே இல்லை. ஹாலேஷும் சாப்பிடுவார், ஆனால் பஜ்ஜியைப் பல்குச்சியால் குத்தி எடுத்து. கையில் எண்ணெய் பட்டால் அடுத்தவர் போன் திரையில் ஒட்டிவிடுமாம். டீயை வாசலில் நின்றுதான் குடிப்பார். மேஜைக்கு மேல் ஈரம் எதுவும் வரக்கூடாது.

போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படமும் பாட்டும் எப்படிப் போகின்றன என்று ஒருமுறை எனக்கு விளக்கினார். அந்தக் காலத்துப் போன்களில் வயரை மாட்டினால் உள்ளே இருக்கும் கார்டை அப்படியே கம்ப்யூட்டர் கையில் கொடுத்துவிடுமாம். கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை போனுக்கே தன் சொத்தைத் தொட முடியாதாம். இப்போதைய போன் அப்படி இல்லை. சாவியைக் கொடுக்காது. வாசலில் நின்றுகொண்டு, கேட்டதை உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்துவந்து தரும். நான் உடனே பிடித்துக்கொண்டேன். கிடங்குச் சாவியை வியாபாரி கையில் கொடுப்பது ஒரு முறை, நம் ஆளையே உள்ளே அனுப்பி மூட்டை எடுத்துவரச் சொல்வது இன்னொரு முறை. அதைத்தானே சொல்கிறாய் என்று கேட்டேன். பதினோரு வருஷத்தில் இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

அவசரப்படாதே, வெட்டாதே. இதுதான் அவர் வேதம். போனிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டாமல் நகல் எடு. இரண்டு பக்கமும் எண்ணிப் பார். முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று திறந்து பார். அதற்குப் பிறகு வேண்டுமானால் போனில் இருப்பதை அழி. இந்தக் கட்டடத்தின் திறப்பு விழாப் படங்களை நானே வீட்டில் வெட்டி எடுத்துப் போட்டேன். பாதியில் வயரைப் பிடுங்கிவிட்டேன். அமைச்சர் எனக்கு மாலை போட்ட படத்தில் மாலை மட்டும்தான் மிஞ்சியது. அது வயரின் குற்றம் என்றுதான் இன்றைக்கும் சொல்லிவருகிறேன். ஹாலேஷ் மறுத்துப் பேசியதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. வயரை மாட்டியதும் போன் தன் திரையில் ஒரு கேள்வி கேட்கும், இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி உண்டா என்று. மற்ற கடைக்காரர்கள் கண் இமைக்கும் நேரத்தில் தாங்களே அமுக்கிவிடுவார்கள். ஹாலேஷ் அமுக்க மாட்டார். போனைச் சொந்தக்காரர் பக்கம் திருப்பி வைத்து, கேள்வியை வாய்விட்டுப் படித்துவிட்டுக் காத்திருப்பார். ஒரு நாள் ஒருவன் மனைவியின் போனைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் எடுத்துத் தரச் சொன்னான். விரலுக்குச் சொந்தக்காரம்மா வரட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வலிய வரும் பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிற ஆள் என்று அன்றைக்கு அவரைத் திட்டினேன். நான் அப்படியெல்லாம் பார்த்திருந்தால் உமி தள்ளிக்கொண்டேதான் இருந்திருப்பேன்.

போன கல்யாண சீசனில் ருத்ரேஷ் வந்தான். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரன். ஒவ்வொரு முகூர்த்தம் முடிந்ததும் தன் ஐந்து கேமராக்காரர்களையும் அவரவர் போனோடு ஹாலேஷிடம் அனுப்பி, படங்களைச் சேர்த்து வாங்கிக்கொள்வான். ஹாலேஷ் வீட்டு அடுப்பு பாதி எரிவது இவன் கொடுக்கும் வேலையில்தான். அன்றைக்குத் தன் சிக்கம்மாவைக் கூட்டிவந்திருந்தான், அதாவது தாயின் தங்கை. பெயர் ஹொன்னம்மா.

ஹொன்னம்மாவை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. கல்யாண வீடுகளில் மஞ்சள் பூசும்போது சோபானெ என்கிற சடங்குப் பாட்டு பாடுகிறவர். கூடப் பாட நான்கு பெண்கள். மாமியாரின் கஞ்சத்தனம், மாப்பிள்ளையின் மீசை, சம்பந்தி வீட்டு சாம்பார் என்று அந்தந்த வீட்டுக்கு ஏற்பப் பாட்டுக் கட்டுவார். திட்டு வாங்கியவர்களே சிரித்துக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். பஸ்ஸில் போகும்போது ஒரு வரி தோன்றினால் போனை வாயருகே வைத்துப் பாடி வைத்துக்கொள்வார். அப்படிச் சேர்ந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. அந்தப் போன் ஹரிஹரத்தில் ஒரு கல்யாண வீட்டு மஞ்சள் தண்ணீர் அண்டாவில் விழுந்துவிட்டது. பிழைத்து வந்தது, ஆனால் திரையின் கீழ்ப்பாதி தொட்டால் உணராது.

ஹொன்னம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த இடைவெளியில் ருத்ரேஷ் மேஜைமேல் குனிந்து, "எல்லாத்தையும் என் பென் டிரைவ்ல போட்டுட்டு போனைத் துடைச்சு விட்டுடு. சிக்கம்மாவுக்கு இதெல்லாம் புரியாது" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். பட்டியில் எந்த அடுப்பில் அரிசி தீய்கிறது என்று வாசலிலிருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லுகிற காது என்னுடையது. எதற்காகக் கேட்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். பாடுகிற கும்பலுக்கு வண்டி வைக்க வேண்டாம், சாப்பாடு போட வேண்டாம், ஸ்பீக்கரில் நானே சோபானெ போடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஹாலேஷ் ஹொன்னம்மாவின் போனைக் கையில் எடுத்தார். பல்குச்சியால் அதில் வயர் மாட்டும் வாயைச் சுரண்டினார். காய்ந்த மஞ்சள் துணுக்குத் துணுக்காக வந்து விழுந்தது. வயரை மாட்டினார். இரண்டு முறை விட்டுவிட்டுப் பிடித்தது. திரையில் கேள்வி வந்து நின்றது, கீழ்ப்பாதியில்.

ருத்ரேஷ் கையை நீட்டி அனுமதியை அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினான். மூட்டைப்பூச்சியை நசுக்குவதுபோல் நான்கைந்து முறை குத்தினான்.

"ஹொன்னக்கா, போன் உங்களை ஒண்ணு கேக்குது" என்றார் ஹாலேஷ்.

"என்னையா? என்ன கேக்குது?"

"இந்தக் கம்ப்யூட்டரை உள்ள விடட்டுமான்னு."

"விட்டா என்ன ஆகும்?"

"உள்ள இருக்கறது எல்லாத்தையும் பாக்கும். எது வேணும்னு கேட்டாலும் உங்க போன் எடுத்துக் குடுக்கும்."

ஹொன்னம்மா போனை எட்டிப் பார்த்தார். "எடுத்துக் குடுத்தா அப்புறம் எங்கிட்ட இருக்குமா, இருக்காதா?"

இந்த இடத்தில் ஹாலேஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு சீசனின் பிழைப்பே அந்த மேஜைமேல் இருந்தது. இருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்படிச் சொல்லிவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

"ருத்ரேஷ் சொன்ன மாதிரி செஞ்சா இருக்காது, அக்கா. எல்லாம் அவர் பென் டிரைவ் குச்சிக்குப் போயிடும். உங்க போன் காலியாயிடும்."

ருத்ரேஷ் சிரித்தான். எப்படியும் சாகப்போகிற போன்தானே, பாட்டு என்னிடம் இருந்தால் உன்னிடம் இருக்கிற மாதிரிதானே சிக்கம்மா என்றான்.

"அப்படின்னா உன் கேமரா அஞ்சையும் கொண்டுவந்து எங்கிட்ட வெச்சிடு. எங்கிட்ட இருந்தா உங்கிட்ட இருக்கற மாதிரிதானே" என்றார் ஹொன்னம்மா.

நான் சிரித்துவிட்டேன். ருத்ரேஷுக்கு முகம் சிவந்துவிட்டது. அவன் கோபம் ஹாலேஷ் பக்கம் திரும்பியது. பட்டனை அமுக்குவதுதான் உன் வேலை, நியாயம் பேசுவது இல்லை என்றான்.

"பட்டன் அவங்களோடது" என்றார் ஹாலேஷ்.

ருத்ரேஷ் தன் பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வண்டியைக் கிளப்பிய சத்தத்திலேயே திரும்பி வரமாட்டான் என்று தெரிந்தது.

ஹொன்னம்மா நாற்காலியில் உட்கார்ந்து, போன் உண்மையிலேயே செத்துவிடுமா என்று கேட்டார். ஹாலேஷ் மழுப்பவில்லை. வாய்க்குள் மஞ்சள் இறங்கி இழையை அரித்துவிட்டது, இன்னும் இரண்டு மூன்று முறை வயர் பிடிக்கலாம், இதுவே கடைசியாகவும் இருக்கலாம் என்றார். ஹொன்னம்மா எழுந்து எதிர்க்கடைக்குப் போய்த் தானே ஒரு பென் டிரைவ் வாங்கிவந்தார். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருநூத்திப் பன்னெண்டும் இதுக்குள்ளயா? என் மூக்குத்தி டப்பா இதைவிடப் பெரிசு." பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் பெட்டியில தங்கிடாதே?" என்றார்.

தங்காது, நேராகக் குச்சிக்குப் போகும், நீங்களே பார்த்துக்கொண்டிருங்கள் என்றார் ஹாலேஷ். சொல்லிவிட்டுப் போனைப் பக்கவாட்டில் திருப்பினார். திரையும் கூடவே திரும்பியது. செத்த பாதியில் கிடந்த கேள்வி நகர்ந்து உயிருள்ள பாதிக்கு வந்துவிட்டது. ஹொன்னம்மா ஆள்காட்டி விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அம்மனுக்குப் பொட்டு வைப்பதுபோல் மெதுவாக அமுக்கினார். கம்ப்யூட்டரில் போன் திறந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வித்தை தெரிந்திருந்தும் ருத்ரேஷ் குத்திக்கொண்டிருந்தபோது ஏன் திருப்பவில்லை என்று கேட்டேன்.

"அவர் கேக்கலையே, யஜமானரே."

கம்ப்யூட்டரில் நகல் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. பத்தொன்பதாவது பாட்டில் நின்றது. ஹாலேஷ் போனின் வாய்க்கு அடியில் வலது கட்டைவிரலைக் கொடுத்து வயரை மேல்நோக்கி அழுத்தினார். கோடு மறுபடி நகர்ந்தது. விரலை எடுத்தால் நிற்கிறது, வைத்தால் போகிறது. அதன் பிறகு அவர் விரலை எடுக்கவில்லை. வந்தவர்களை அப்புறம் வரச் சொன்னார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், மேஜை ஆடுகிறதாம். அப்புறம் நாங்கள் மூன்று பேரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கம்ப்யூட்டர் திரை ஹாலேஷுக்குத் தெரியாத கோணத்தில் இருந்ததால் எண்ணிக்கையை ஹொன்னம்மா வாசித்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு. தொண்ணூறு. நூற்றுப் பதினொன்று.

நான் என் பங்குக்கு உலகம் அறிந்தவனாக நான்கு வார்த்தை சொன்னேன். இந்த மாதக் கடைசிக்குள் ருத்ரேஷுக்கு எட்டுக் கல்யாணம் இருக்கிறது, அவன் வேறு கடை பார்ப்பதற்குள் நீயே கூப்பிட்டுத் தணிவாகப் பேசிவிடு, கோபத்தில் வந்த வார்த்தை என்று சொன்னால் ஆறிவிடுவான் என்றேன். ஹாலேஷ் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் சரி என்பதா, கேட்டுக்கொண்டேன் என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது.

நூற்று எழுபத்தாறு என்று ஹொன்னம்மா வாசித்தபோது ஹாலேஷின் போன் அடித்தது. திரையில் ருத்ரேஷ் பெயர். அவனே கூப்பிடுகிறான் என்றால் இறங்கி வருகிறான் என்று அர்த்தம். அப்பாடா, எடு என்றேன். ஹாலேஷ் திரும்பிப் பார்த்தார், எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. நான் எடுத்துக் காதில் வைக்கிறேன், நீ பேசு என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். உட்காருங்க, மேஜையைத் தொடாதீங்க என்றார். பதினோரு வருஷத்தில் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

"நூத்தித் தொண்ணூத்தெட்டு" என்றார் ஹொன்னம்மா.

மூன்றாவது முறையாக அடித்தது. அதிர்வில் அந்தப் போன் மேஜைமேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து வயர்ப் பக்கம் வந்தது. ஹாலேஷ் பார்வையைத் திருப்பாமல் இடது முழங்கையால் அதைத் தள்ளினார். விளிம்பு வரை போயிற்று. இன்னொரு முறை தள்ளினார். அது கீழே விழுந்து, தரையில் கிடந்தபடி அடித்துக்கொண்டிருந்தது. வலது கட்டைவிரல் இருந்த இடத்திலேயே இருந்தது.