சோபாவின் முன்னங்கால்கள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த பெரியவர்கள், கம்பளம் வாங்கிப் பார் என்று ஒரு வரி சேர்க்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் பேரின்பநாயகத்தைச் சந்தித்ததில்லை.

வயது அறுபத்தொன்பது. சிங்கப்பூரில், பொங்கோல் வட்டாரத்தில், பதினோராவது மாடியில் நாலறை வீடு. கப்பல் நிறுவனம் ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் எழுத்தராக இருந்து, தேதி போடாத கடிதம் ஒன்றைக்கூட வெளியே விடாத பெருமையோடு ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் வேலைக்காகக் கப்பலேறி வந்த தாத்தா, அதே வேலையில் அப்பா, அதே வேலையில் இவர் என்று மூன்று தலைமுறையாகப் பேனாவைக் கீழே வைக்காத குடும்பம். பொருள் வாங்கி அவர் ஏமாந்ததே கிடையாது. வாங்கினால்தானே ஏமாறுவதற்கு. சோறு சமைக்கும் குக்கரைத் தேர்ந்தெடுக்க நாலு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த நாலு மாதமும் அவர் மனைவி இரஞ்சிதம், இறுகாத பழைய குக்கர் மூடியின் மேல் குழவிக்கல்லை வைத்துச் சமைத்தார். மெத்தைக்கு ஒரு வருஷம் ஆயிற்று. வாழ்க்கையில் பேரின்பநாயகம் ஒரே நாளில் முடிவெடுத்த காரியம் கல்யாணம் ஒன்றுதான். அந்த முடிவையும் அவருடைய அப்பாதான் எடுத்தார்.

கம்பளம் வேண்டும் என்று இரஞ்சிதம் கேட்டது தைப்பூசம் முடிந்த மறுவாரம். சும்மா கேட்கவில்லை. மார்சிலிங்கில் குடியிருந்த காலத்திலேயே அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த பஜனைக் குழு ஒன்று இருந்தது. பதினாலு பேர். சனிக்கிழமைதோறும் பிற்பகலில், முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் பாடுவார்கள். பதினாலு பேருக்கும் அறுபதைத் தாண்டிய முழங்கால்கள். பாய் விரித்தாலும் டைல்ஸ் தரை எலும்பைப் பிடித்துக்கொள்கிறது என்று மற்றவர்கள் எல்லாரும் மெத்தென்று கம்பளம் போட்டுவிட்டார்கள். பொங்கோலுக்குக் குடிவந்து இரண்டு வருஷமாகியும் இரஞ்சிதத்தின் வீட்டில் மட்டும் பாட்டுச் சத்தம் கேட்கவில்லை.

"இஞ்சாருங்க, நம்ம ஹாலுக்கு ஒரு கார்ப்பெட் வேணும். என் முறை வருதுலா."

"வாங்கலாம். ஆழம் தெரியாம காலை விடக்கூடாது."

ஜூரோங்கில் இருக்கும் மகள் ஆரணி, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அப்பாவின் கைப்பேசிக்கு ஒரு காணொளியை அனுப்பிவைத்தாள். சின்னக் கம்பளம் அறையையும் சின்னதாக்கிவிடுமாம். சோபாவின் முன்னங்கால்களாவது கம்பளத்தின் மேல் நிற்க வேண்டுமாம். பேரின்பநாயகம் அதை ஏழு தடவை பார்த்தார். பிறகு அதற்கு எதிர்ப்பாக வந்த காணொளிகளையும் பார்த்தார். நாலு காலும் மேலே என்று ஒரு கட்சி, முன்னங்கால் மட்டும் என்று ஒரு கட்சி, ஒரு காலும் கூடாது என்று ஒரு கட்சி. கோயில் நிர்வாகத் தேர்தலில்கூட அவர் இத்தனை அணிகளைக் கண்டதில்லை. அன்று முதல் அந்த வீட்டில் மனிதருக்குக் கால் இருப்பது மறந்துபோய், சோபாவின் கால்கள் மட்டுமே பேச்சாக இருந்தன.

அந்தச் சோபாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மூன்று பேர் உட்காரலாம். இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. அழுக்காகக் கூடாதென்று வாங்கிய நாளில் போர்த்திய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. உட்கார்ந்தால் தொடையில் ஒட்டிக்கொள்ளும். பேரின்பநாயகம் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பார். இரஞ்சிதம் தரையில் உட்கார்ந்து சோபாவுக்கு முதுகைக் கொடுத்துக்கொள்வார். வந்தவர்களும் அப்படித்தான். சோபா அந்த வீட்டில் ஒரு விலையுயர்ந்த சுவர்.

முன்னங்கால் கட்சியே கடைசியில் வென்றது. அவர் நீல நிற ஒட்டுநாடா வாங்கி வந்து, சோபாவின் முன்னங்கால்கள் உள்ளே வரும்படி, நூற்று அறுபதுக்கு இருநூற்று முப்பது சென்டிமீட்டரில் தரையில் நாலு கோடு ஒட்டினார்.

"கொஞ்ச நாள் இதோட இருந்து பாப்போம். யாரும் மிதிக்காதீங்க. மேல பாயும் விரிக்கக் கூடாது, அளவு மறைஞ்சிரும்."

கொஞ்ச நாள் என்பது எட்டு மாதமாயிற்று. இரஞ்சிதம் கையில் குழம்புச் சட்டியோடு இல்லாத கம்பளத்தைச் சுற்றிக்கொண்டு போனார். தரை துடைக்கும்போதும் கோட்டோடு நிறுத்திக்கொண்டார். வந்த உறவினர்கள், அப்போதுதான் சிமெண்டு பூசிய இடமோ என்று ஓரமாகவே நடந்தார்கள். இல்லாத பொருளுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தால் வாங்குவானேன் என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் அவர் வாங்க முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சனிக்கிழமைதோறும் இரஞ்சிதம் பஜனைக்குக் கிளம்பியதும், அளவு நாடாவும் குறிப்பேடுமாக, இந்தியக் கடைகள் நிறைந்த தெக்காவுக்கு ரயிலேறிவிடுவார். சிராங்கூன் சாலைக்குப் பின்தெருவில் முகமது யூசுப்பின் கம்பளக் கடை. எல்லாரும் கம்பளத்தை முகம் பார்த்து வாங்குவார்கள். இவர் புரட்டிப் போட்டு முதுகைப் பார்த்தார். ஓர் அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணி எழுதிக்கொண்டார். மூன்றாம் மாதத்தில் கடைக்கு வந்த மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆரம்பித்தார். ஐந்தாம் மாதத்துக்குள் அவர் பேச்சைக் கேட்டு நாலு பேர் கம்பளம் வாங்கிப் போய்விட்டார்கள். யூசுப் அவருக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்ததில் ஆச்சரியமில்லை, சம்பளமில்லாத விற்பனையாளர் லேசில் கிடைப்பாரா.

ஒருநாள் யூசுப் கேட்டார், "ஐயா, வீட்டுல கார்ப்பெட்ல யார் யாரு உக்காருவாங்க?"

"உக்கார்றதுக்குத்தான் சோபா இருக்கே" என்றார் பேரின்பநாயகம், முடிச்சு எண்ணுவதை நிறுத்தாமல்.

இதற்குள் இரஞ்சிதத்தின் முறை இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் அவர் வேறொருவருக்குத் தள்ளிவிட்டிருந்தார். மூன்றாவது தடவை நெருங்கியது. ஒரு வியாழக்கிழமை, குழுவின் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கும் பஞ்சவர்ணம் தொலைபேசியில் அழைத்தார். மார்சிலிங்கில் எதிர்வீட்டில் இருந்தவர், நல்ல மனுஷி. இரஞ்சிதம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் கைப்பேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"உன் பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்துறவா, இரஞ்சிதம்? பாட வா, எப்பவும் போல. முறை மட்டும் வேணாம். உனக்கும் சிரமம்லா."

அன்பாகத்தான் கேட்டார். அதனால்தான் அது அவ்வளவு வலித்தது. இரண்டு வருஷமாக மற்றப் பதிமூன்று வீடுகளிலும் சாப்பிட்டுவிட்டு, தன் வீட்டில் ஒரு வாய் சுண்டல் கொடுக்காதவள் என்று ஆகிவிடும். இரஞ்சிதம் கத்தியைக் கீழே வைத்தார்.

"நாளைக்குச் சொல்றேன் பஞ்சவர்ணம்" என்று பேச்சை முடித்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா?"

"கேட்டேன். கம்பளியா, பாலியெஸ்டரா, அது ஒண்ணுதான் பாக்கி."

கல்யாணமான இந்த முப்பத்தொன்பது வருஷத்தில் இரஞ்சிதம் அழுது பேரின்பநாயகம் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை. குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல் அவர் தெக்காவுக்குப் போனார். யூசுப்பின் கடை இழுத்து மூடியிருந்தது. தங்கை மகள் கல்யாணம், கடை விடுமுறை என்று கதவில் தாள் ஒட்டியிருந்தது. கம்பளம் பார்க்க முடியாத சனிக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. காப்பிக்கடையில் ஒரு கோப்பி குடித்துவிட்டு வீடு திரும்பினார்.

பதினோராவது மாடியில் மின்தூக்கி திறந்ததும், பொதுநடையில் ஒரு சோபா கிடப்பதைக் கண்டார். யாரடா இது, நடைபாதையை அடைப்பது சட்டவிரோதம் என்று தெரியாதவர்கள் என்று கோபம் பொங்கியது. இரண்டடி போன பிறகுதான் அது தன் சோபா என்று புரிந்தது. பிளாஸ்டிக் உறையை உருவிவிட்டு, அதில் ஓர் ஆள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு பிரபாகர். சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர்; மனைவி மோகனப்பிரியாவும் இரண்டு பெட்டிகளுமாகப் போன மாதம்தான் குடிவந்திருந்தார்.

"அம்மா தள்ளி வைக்கச் சொன்னாங்க சார். யாரும் எடுத்துட்டுப் போயிடாம பாத்துக்கச் சொன்னாங்க" என்று எழுந்து நின்றார். பிறகு மரியாதைக்காக, "ரொம்ப சொகுசா இருக்கு சார்" என்றார்.

சோபா சொகுசாக இருக்கும் என்ற தகவல் பேரின்பநாயகத்துக்குப் புதிது.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பாட்டு. கம்பிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். அவருடைய நீலக் கோட்டுக்குள், முழங்காலோடு முழங்கால் இடிக்க, மடியில் மடி ஏற, ஒன்பது பெண்கள் சிறைப்பட்டு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே ஐந்து பேர் வெறும் தரையில். அந்த ஐந்தில் ஒருவர் இரஞ்சிதம். வலிக்கிற வலது முழங்காலுக்கு அடியில் அடுப்படித் துண்டை நாலாக மடித்து வைத்திருந்தார்.

பாட்டு முடிந்தது. அவர் கதவைத் திறந்தார். "ஏன் எல்லாரும் இப்படி நெருக்கிக்கிட்டு இருக்கீங்க?"

பஞ்சவர்ணம்தான் பதில் சொன்னார். "கார்ப்பெட் இவ்வளவுதான் வருமாம்லா. அதான் உக்காந்து பாக்கறோம். ஒம்பது பேருக்கு இடம் இருக்கு. மூச்சு விடாம இருந்தா பத்து."

எல்லாரும் சிரித்தார்கள். இரஞ்சிதம் சிரிக்கவில்லை.

"சோபாவை அளந்தீங்க. எங்களை அளக்கலையே" என்றார், குரலை உயர்த்தாமல்.

பேரின்பநாயகத்தின் சட்டைப்பையில் அறுபத்திரண்டு பக்கம் எழுதி நிரப்பிய குறிப்பேடு இருந்தது. முடிச்சு, நூல், நிறம், வெயில் பட்டால் வெளுக்குமா, காப்பி கொட்டினால் போகுமா எல்லாம் அதில் இருந்தது. அதில் இல்லாதது அந்த மடித்த அடுப்படித் துண்டு ஒன்றுதான். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. நடையில் கிடக்கும் சோபாவுக்காக எட்டு மாதம் இவளைத் தரையில் உட்கார வைத்திருந்தோமே என்று தோன்றியது.

குறிப்பேட்டை எடுத்து, புதுப் பக்கம் திருப்பி, பேனாவைத் திறந்தார்.

"மொத்தம் எத்தனை பேர்?"

"பதினாலு" என்றார்கள் பதினாலு பேரும்.

மறுவாரம் அவர்கள் இருவரும் யூசுப்பின் கடைக்குப் போனார்கள். இரஞ்சிதம் எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. கடையிலேயே பெரியது எது என்று கேட்டார். யூசுப் விரித்துக் காட்டிய குங்கும நிறக் கம்பளத்தின் நடுவில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"இதுதான்" என்றார். கடைக்குள் வந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

பேரின்பநாயகம் முடிச்சுக் கணக்கைக் கேட்க வாயெடுத்தார். யூசுப் அவரைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

கம்பளம் வந்து விரித்தபோது ஹாலில் சுவரோரம் கையளவு டைல்ஸ்தான் மிஞ்சியது. நாலு கால் கட்சி, இரண்டு கால் கட்சி, ஒரு காலும் கூடாது கட்சி மூன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று. சோபா பிரபாகர் வீட்டுக்குப் போய்விட்டது. மோகனப்பிரியா அதில் படுத்துத் தூங்குவதாகக் கேள்வி.

அடுத்த முறை இரஞ்சிதத்தின் வீட்டில் பாட்டு நடந்தபோது பேரின்பநாயகம் தெக்காவுக்குப் போகவில்லை. போக வேலையும் இல்லை. பதினாலு பேரும் தாராளமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். இரஞ்சிதம் நடுவில் இருந்தார். முழங்காலுக்கு அடியில் துண்டு எதுவும் இல்லை.

"நீங்களும் உக்காருங்களேன் அண்ணே" என்றார் பஞ்சவர்ணம்.

அவர் சாப்பாட்டு மேசையிலிருந்து தன் நாற்காலியைத் தூக்கி வந்து கம்பளத்தின் ஓரத்தில் போட்டார். குனிந்து பார்த்தார். கொஞ்சம் பின்னால் இழுத்தார். மறுபடி பார்த்து, ஓர் அங்குலம் முன்னால் தள்ளினார். இரஞ்சிதம் பாட்டை நிறுத்தாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திருப்தியோடு உட்கார்ந்தபோது, நாற்காலியின் முன்னங்கால்கள் இரண்டும் கம்பளத்தின் மேலும் பின்னங்கால்கள் இரண்டும் தரையிலும் இருந்தன.