அம்மா ஏரியைச் சுற்றிய காலை

முடக்குவாத நோயாளிகளுக்கென்று நடத்திய நடைப்பயணத்தில், முடக்குவாதக்காரியான என் அம்மா வந்து சேர்வதற்குள் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. பருத்திப்பட்டு ஏரியை ஒரு சுற்று நடக்கப்போவதாகவும், வசூலாகும் பணம் ஏழை நோயாளிகளின் மருந்துக்குப் போகும் என்றும் எங்கள் சர்ச்சில் அறிவித்தார்கள். அம்மா பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். காலையில் எழுந்தால் வெந்நீரில் ஊறவைத்த பிறகுதான் அவளுக்கு விரலே மடங்கும். “உனக்கு எதுக்கு இந்த வேல?” என்ற அப்பா, துணைக்கு என்னை அனுப்பினார்.

போனதுமே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவளுக்குத் தலைவழியாக மாட்டும் மஞ்சள் பனியனைக் கொடுத்தார்கள். அம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டாள். சிறப்பு விருந்தினர் வலியை வெல்வது எப்படி என்று வெயில் ஏறும்வரை பேசிவிட்டுக் கொடியசைத்தார். கல்லூரிப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள். அம்மா நடந்தாள், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மறுபடி நடந்தாள்.

கடைசித் திருப்பத்தில் பார்த்தால், முடிவுக் கோட்டில் கட்டியிருந்த பலூன் வளைவை ஒருவர் அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடினேன்.

“அண்ணா, அவுக்காதீங்க! எங்கம்மா இன்னும் வரல!”

“எல்லாம் முடிஞ்சிபோச்சி பாப்பா. மெடல வாங்கிகினு, டிபன் துன்னுட்டு கெளம்பிட்டாங்கோ. வண்டி நிக்கிது, வுடு.”

“எங்கம்மாவுக்குத்தான் அந்த நோவு! அவங்களுக்குத்தான் இதெல்லாம்!” என்று கத்தியபடி கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். அவர் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, வளைவு சரிந்து விழுந்து பலூன்கள் படபடவென்று வெடித்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவே அம்மா வந்து சேர்ந்தாள். கைதட்ட ஒருவரும் இல்லை. விழுந்து கிடந்த வளைவைச் சுற்றிக்கொண்டு அவள் கோட்டைத் தாண்டினாள். தாண்டியதும், “தப்பா எடுத்துக்காதீங்கண்ணா, சின்னப் பொண்ணு” என்று அந்த ஆளிடம் மன்னிப்பு வேறு கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஷேர் ஆட்டோவில் ஏறியதும் அப்பாவுக்குப் போன் போட்டாள். “ஏங்க, ஏரிய ஃபுல்லா சுத்திட்டேங்க. எங்கயும் உக்காரல.”

“வளைவ அவுத்தாங்களே, அதச் சொல்லும்மா! மெடல் குடுக்கலன்னு சொல்லு!” என்று பக்கத்திலிருந்து கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்திவிட்டு, “ஆமாங்க, ஃபுல்லாத்தான்” என்றாள்.

இப்படியும் ரோஷமில்லாத ஒருத்தியா என்று நான் அவள் முகத்தைப் பார்க்காமலே வந்தேன். இறங்கும்போது, கேட்காத ஆட்டோக்காரரிடமும் அவள் அதையே சொன்னாள். மானத்தை வாங்குகிறாளே என்று விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டேன். அவள் பெருமையடித்துக்கொள்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன் அவள் பெருமையடித்து நான் பார்த்ததே இல்லை.