ஓரம் கட்டிய வாத்துகள்

ராயபுரத்தில் பல் வலித்தால் ‘சீனாக்கார டாக்டர்’ என்று கேட்டால் போதும், யாரும் வழி காட்டுவார்கள். யுத்தத்தில் ரங்கூனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த குடும்பம். அவருடைய மூத்த மகள் பெயர் சூயிங். தெருவுக்குச் சூயி. குழாயடியில் அவள் வாயைத் திறந்தால் துறைமுகக் கூலிகளே குடத்தை நகர்த்தி வழி விடுவார்கள்.

பக்கத்து வீட்டு சுகிர்தம், மளிகைக் கடை ராசையாவின் மனைவி. நாசரேத்துப் பக்கத்துக்காரி. மிஷன் பள்ளியில் பூத்தையல் படித்தவள். வீட்டில் தையல் மெஷினும் உண்டு. அதனால்தான் ஐம்பத்தொன்றாம் வருஷ மழைக்காலத்தில் சூயியின் அம்மா ஒரு சிவப்புப் பட்டுத் தலையணை உறையோடு அவளிடம் வந்தாள்.

கல்கத்தாவில் ஒரு வரன். மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வரப்போவதில்லை. பெண்ணின் கைவேலையை அனுப்பச் சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்கென்று அவர்கள் வழக்கமாகத் தைக்கும் ஜோடி வாத்தைப் பார்த்தே பெண்ணின் பொறுமையும் அடக்கமும் தெரிந்துவிடுமாம்.

“பின்னால துணி வெச்சு மூட்டிக் குடும்மா. என் கண்ணு சரியா தெரியல. பொண்ணு நல்லா தெச்சுகீதா?”

“நல்லா இருக்கும்மா” என்றாள் சுகிர்தம். நன்றாக இல்லை. ஒரு வாத்துக்குக் கழுத்து திருகியிருந்தது.

“இது வாத்தா, காக்காவா?” என்று ராசையா சிரித்தார். சுகிர்தத்துக்குப் பாவமாக இருந்தது. வாத்து இரண்டின் தையலையும் பிரித்தாள். யாரிடமும் சொல்லாமல் புதிதாகத் தைத்து, பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி சுற்றிலும் சங்கிலித் தையலால் ஓரம் கட்டி, சூயியின் அம்மா கையிலேயே கொடுத்தாள்.

தை பிறந்ததும் சூயியின் அம்மா இனிப்போடு வந்தாள். வரன் முடிந்துவிட்டது. “ஓரத்த இவ்ளோ அழகா அடைக்கிற பொண்ணு வூட்டயும் அப்டித்தான் வெச்சுக்கும்னு அந்தம்மா சொல்லிச்சாம்!”

சுகிர்தம் பெருமையோடு சூயியைத் தேடிப் போனாள். கொல்லையில் அவள் அப்பாவின் பல் அச்சுகளைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“யக்கா, வாத்த பிரிச்சது நீதான?”

“கழுத்து திருகி இருந்துச்சு பிள்ளே. உனக்கு மானக்கேடாயிரக் கூடாதேன்னு…”

“திருகனதே நான்தான். நேரா போற கைய கோணையா இட்டுகினு போறது எவ்ளோ பேஜாரு தெரியுமா உனுக்கு?”

சுகிர்தம் அவள் பக்கத்தில் குந்தினாள்.

“வோணாம்னு வாயால சொன்னா நைனா துன்றத நிறுத்திடுவாரு. அதான் வாத்த வுட்டு சொல்லச் சொன்னேன். நீ அது வாய தெச்சுட்ட.”

“இப்பவே போயி உள்ளதைச் சொல்லிருதேன்.”

“சொல்லேன். ஊரான் கைய காட்டி டாக்டரு பொண்ண தள்ளிவுட்டான்னு கல்கத்தா பூரா பேசுவான். எனுக்கு பின்னால ரெண்டு தங்கச்சி கீது.”

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டுக்கு எழுந்து நின்ற சுகிர்தம் வாய் திறக்காமலே உட்கார்ந்தாள். “நல்லதுதானே செஞ்ச, விடு” என்றார் ராசையா. அது விடவில்லை.

ஜோடியில் இரண்டாவது உறையை மணப்பெண் கையோடு கொண்டுபோக வேண்டும். சூயி சுகிர்தத்தின் வீட்டிலேயே வந்து உட்கார்ந்து தைத்தாள். சுகிர்தம் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து பார்த்தாள். ஓரமே இல்லை, பச்சை நீலத்துக்குள்ளும் நீலம் பழுப்புக்குள்ளும் கரைந்து, சிறகு ஈரமாக இருப்பது போலத் தெரிந்தது. இப்படி ஒரு தையலை அவள் கண்டதில்லை. இந்தக் கைக்கா தான் திருத்தம் போட்டோம்?

தைத்து முடித்ததும் சூயி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டத் தொடங்கினாள்.

“ஐயோ, ஏட்டி! என்ன செய்யுத?”

“அந்தம்மாவுக்கு புட்ச்சது உன் கைதான், யக்கா. ரெண்டு ஒறையும் ஒண்ணா கெடக்க வோணாமா? இனிமே அங்க நான் எத தெச்சாலும் உன்ன மாதிரிதான் தெக்கணும். காட்டு, ஓரம் எப்டி கட்ற?”

சுகிர்தம் ஊசியை வாங்கினாள். நூல் கோக்க வரவில்லை. சூயிதான் கோத்துக் கொடுத்தாள். சுகிர்தம் பத்துக் கண்ணி போட்டுக் காட்டினாள். அதற்குமேல் காட்ட வேண்டியிருக்கவில்லை.

வாத்தின் முதுகு வளைவில் சூயி போட்ட ஒரு கண்ணி சற்றுத் தளர்ந்து விழுந்தது. சுகிர்தம் கண்டும் பேசவில்லை. சூயி தானே அதைப் பிரித்து, இறுக்கிப் போட்டாள்.