மைதானத்துக்கு முதுகு காட்டியவர்

"இந்த ஊர் மைதானத்துல என் கண்ணுல படாம ஒரு கோல் விழுந்ததும் இல்ல, இனிமே விழப்போறதும் இல்ல!"

இந்தப் பிரகடனம் வெளியிடப்பட்ட இடம் ஒரு கல்யாண மண்டபம். வெளியிட்டவர் மாப்பிள்ளை. நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தால் மனிதர் இப்படிப் பேசுகிறாரே என்று பெண் வீட்டார் அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும். கைதட்டிவிட்டார்கள். அந்தக் கைதட்டலின் பலனை மணப்பெண் இருபத்திரண்டு வருடங்களாக அனுபவித்து வருகிறார்.

மாப்பிள்ளைக்கு ஊரில் 'நடுவர்' என்று பெயர். கால்பந்து மைதானத்தில், பார்வையாளர் இருக்கைகளின் சி பகுதியில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, விசில் வைத்திருக்கும் நிஜ நடுவருக்கு முன்பாகவே தீர்ப்பு சொல்லிவிடுவார். நிஜ நடுவர் அதை ஒருமுறைகூடக் காதில் போட்டுக்கொண்டதில்லை என்பது வேறு விஷயம். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் மேல்முறையீடு நடக்கும். உப்பு ஜாடி முன்கள வீரர், நாலு டம்ளர்கள் தடுப்பு அரண், இரண்டு கரண்டிகள் கோல் கம்பம்.

"சோறு ஆறுது. சாப்பிட்டுட்டு அடிங்க உங்க கோலை," என்பார் மனைவி.

"இதப் பாரு, இவன் இப்படி வெட்டித் திரும்பினானா…"

"உப்பைக் கொட்டுனீங்கன்னா நான் வெட்டித் திரும்பிடுவேன்."

இப்படி அன்யோன்யமாக ஓடிக்கொண்டிருந்த இல்லறத்தில், நடுவர் வேலை பார்த்த தகர டப்பா தொழிற்சாலை ஒருநாள் கதவைச் சாத்தியது. எட்டு மாதம் மனிதர் வீட்டிலேயே இருந்தார். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் நாளெல்லாம் வலிக்கிற வாய்களோடு பேசிவிட்டு வரும் மனைவிக்கு, வீட்டில் வலிக்காத வாய் ஒன்று காத்திருந்தது. அவர் பற்களை நறநறவென்று கடித்த சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டதாகத் தகவல்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. மைதானத்தில் பார்வையாளர் பாதுகாப்புப் பணிக்கு ஆள் தேவை. நாலு சனிக்கிழமை வகுப்பு, ஒரு எழுத்துத் தேர்வு, பிறகு நிஜ ஆட்டத்தில் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு ஒரு செய்முறைத் தேர்வு. செய்முறைக்கு மூன்றே வாய்ப்புகள்.

"கரும்பு தின்னக் கூலியா!" என்று துள்ளினார் நடுவர்.

"ஆட்டத்தைப் பார்க்கப் போறீங்களா, ஆளைப் பார்க்கப் போறீங்களா?" என்று கேட்டார் மனைவி.

"ரெண்டுந்தான்."

பின்னால் விளைந்த அத்தனை அனர்த்தங்களுக்கும் வித்து இந்த ஒற்றைச் சொல்தான்.

பயிற்சியாளர் ஒரு பெண்மணி. பதினைந்து வருடம் ஆம்புலன்ஸில் ஓடிய முன்னாள் நர்ஸ். முதல் வகுப்பிலேயே அவர் கேட்டார்: "மைதானம் எங்க இருக்கு?"

எல்லாரும் ஜன்னலைக் காட்டினார்கள்.

"இல்ல. உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு. ஆட்டம் முடியற வரைக்கும் அது அங்கயேதான் இருக்கும், யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. உங்க கண்ணு கூட்டத்து மேல."

நடுவர் கையைத் தூக்கினார். "மேடம், பெனால்டி குடுத்தா?"

"முதுகு."

"கடைசி நிமிஷத்துல பெனால்டி குடுத்தா?"

"முதுகுதான், சார்."

"கோப்பை ஃபைனல்ல, கடைசி நிமிஷத்துல…"

"சார், ஆண்டவன் உங்களுக்கு ஒரு முதுகுதான் குடுத்திருக்கான். அது எப்பவும் ஒரே பக்கம்தான் இருக்கணும்." பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "கோல் விழுந்தா எல்லாரும் எழுந்து குதிப்பாங்க. அந்த நேரத்துல யாரு உட்கார்றாங்கன்னு பாருங்க. அவங்களுக்காகத்தான் நீங்க."

மற்றவர்கள் இதைக் குறித்துக்கொண்டார்கள். நடுவர் நோட்டில் அன்றைக்கு ஒரு ஆஃப்சைடு படம்தான் இருந்தது.

எழுத்துத் தேர்வில், 'கூட்டம் முன்பக்கமாக நெருக்கினால் முதலில் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதில்: 'அது ஸ்கோரைப் பொறுத்தது.' இருந்தும் இரண்டு மதிப்பெண்ணில் தப்பினார். தீயணைப்பான் பற்றிய கேள்விகளுக்குத் தொழிற்சாலை அனுபவம் கைகொடுத்தது.

முதல் செய்முறைத் தேர்வு. சி பகுதிக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி நிறுத்தினார்கள். பயிற்சியாளர் படிக்கட்டில் உட்கார்ந்து தாளில் கோடு போட்டார். 'திரும்பினார்' என்ற கட்டத்தில் பதினொரு கோடுகள் விழுந்தன. பன்னிரண்டாவது முறை திரும்பியவர் மறுபடி இந்தப் பக்கம் வரவே இல்லை.

இரண்டாவது தேர்வில் நடுவர் சிலைபோல் நின்றார். தலை அசையவில்லை, இமைகூட ஆடவில்லை. பயிற்சியாளருக்கே மனம் இளகியது. ஆனால் நாற்பதாவது நிமிடத்தில் எதிரணி கோல்கீப்பர் கண்ணைப் பொத்திக்கொண்டு அலற, ஆட்டம் நின்றது. யாரோ லேசர் அடிக்கிறார்கள் என்று புகார். தேடிக்கொண்டு வந்தவர்கள், நடுவரின் உள்ளங்கையில் வெயிலை வாங்கிப் பளபளத்துக்கொண்டிருந்த ஒரு வட்டக் கண்ணாடியைக் கைப்பற்றினார்கள். அது மனைவியின் பவுடர் டப்பாவைச் சேர்ந்தது.

"அந்தக் கண்ணாடியைக் காலையிலேருந்து தேடிட்டிருக்கேன்!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "ஊருல பிள்ளைங்கதான் பரீட்சைக்குப் பிட் எடுத்துட்டுப் போகும். நீங்க முகக்கண்ணாடி எடுத்துட்டுப் போயிருக்கீங்க! இதுக்கு மேல என்னால முடியாதுங்க. இன்னும் ஒரு தடவைதான். அதுவும் போச்சுன்னா எங்க ஆஸ்பத்திரி வாசல்ல டோக்கன் குடுக்குற வேலை இருக்கு, பேசி வச்சுட்டேன். ஞாயித்துக்கிழமையும் உண்டு."

நடுவர் காலண்டரைப் பார்த்தார். ஆட்டங்கள் எல்லாமே ஞாயிற்றுக்கிழமைதான்.

மூன்றாவது தேர்வுக்கு வாய்த்தது, விதியின் குறும்போ என்னவோ, கோப்பை இறுதியாட்டம். போதாக்குறைக்கு மச்சான், அதாவது மனைவியின் தம்பி, சி பகுதியில் ஏழாவது வரிசையில் டிக்கெட் எடுத்து வந்து உட்கார்ந்திருந்தான்.

"மாமா, திரும்பாதீங்க," என்று கத்தினான். "ஆனா இப்போ நீங்க பார்க்காம விட்டதைச் சொன்னா நெஞ்சு வெடிச்சிருவீங்க!"

"வாய மூடிட்டு உட்காருடா. நடைபாதைல கால நீட்டாத."

"பார்றா, மஞ்சச் சட்டை போட்டதும் மாமாவுக்கு அதிகாரத்த!"

முதல் பாதி நரகம். முதுகுத்தண்டு முழுக்கக் கண் முளைத்துவிடும் போலிருந்தது. வேறு வழியில்லாமல் முகங்களைப் பார்க்க ஆரம்பித்தார். பார்க்கப் பார்க்க ஒரு சங்கதி பிடிபட்டது. பந்து இடப்பக்கம் போனால் நாலாயிரம் மூக்கும் இடப்பக்கம் போயின. பந்து உயரே போனால் நாலாயிரம் தொண்டைக்குழி தெரிந்தது. ஒன்றுக்கு ஒன்று என்று ஸ்கோர் இருப்பதைக்கூட மச்சானின் முகத்திலேயே படித்துவிட்டார்.

பிறகு மற்றவையும் கண்ணில் பட்டன. மூன்றாவது வரிசையில் கைப்பிடிக் கம்பியில் ஏறி நின்ற பையனை இறக்கிவிட்டார். அவிழ்ந்த செருப்போடு படியிறங்கிய அம்மாவை நிறுத்திப் பட்டையை மாட்டச் சொன்னார். பன்னிரண்டாவது வரிசையில் சாம்பல் நிறச் சட்டைக்காரர் ஒருவர் அடிக்கடி இடது தோளைத் தேய்த்துக்கொள்வதையும் பார்த்துவைத்தார்.

கடைசி நிமிடத்தில் விசில் ஒலித்தது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. பெனால்டி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பயிற்சியாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

நாலாயிரம் பேரும் மூச்சைப் பிடித்தார்கள். நடுவரின் கழுத்து நரம்பு ஒன்று தானாகத் திரும்பப் பார்த்தது. அதை அடக்கினார். பின்னால் யாரோ ஓடி வரும் காலடிச் சத்தம். டொம்மென்று ஓர் உதை.

மைதானமே வெடித்தது. எல்லாரும் குதித்தார்கள். சாம்பல் சட்டைக்காரர் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால், மடிந்தார்.

நடுவர் வாக்கி-டாக்கியை அழுத்தினார். மாரடைப்பு என்று கூட்டத்தின் நடுவே கத்தக் கூடாது, 'நீலம்' என்று சொல்ல வேண்டும் என்பது பாடம். "சி பகுதி, பன்னிரண்டாவது வரிசை, நீலம். சி பகுதி, பன்னிரண்டு, நீலம்." சொல்லிக்கொண்டே படியேறினார்.

மச்சான் பாய்ந்து வந்து கட்டிப் பிடித்தான். "மாமா! கோலு மாமா! எப்படிப் போட்டான் தெரியுமா…"

"வழிய விடுடா! நீயும் இந்த நாலு பேரும் படிய மறிச்சு நில்லுங்க, ஸ்ட்ரெச்சர் வர்ற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது."

மாமாவின் குரலில் அப்படி ஓர் உறுதியை அவன் கேட்டதே இல்லை. நின்றான்.

ஸ்ட்ரெச்சர் வந்தது, போனது. கூட்டம் கலைந்த பின் பயிற்சியாளர் தாளோடு வந்தார். "அந்தச் சாம்பல் சட்டைக்காரர் பேசறாராம். நேரத்துக்குக் கொண்டு வந்தீங்கன்னு டாக்டர் சொன்னார்." தாளைக் காட்டினார். 'திரும்பினார்' என்ற கட்டம் காலியாக இருந்தது. "பெரிய திரைல அந்தக் கோலை மூணு தடவை திருப்பிப் போட்டாங்களே, அதைக்கூடப் பார்க்கலையா சார்?"

"அதுவும் முதுகுக்குப் பின்னாடிதானே மேடம் இருந்துச்சு."

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் நடுவர் பேசாமல் பிசைந்துகொண்டிருந்தார். உப்பு ஜாடி இருந்த இடத்திலேயே இருந்தது. மனைவிக்கு அது பொறுக்கவில்லை. கணவர் தேர்வில் தேறிவிட்டார் என்று தம்பி போனில் சொல்லியிருந்தான். அப்புறமும் என்ன மௌனம்? இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவரே நாலு டம்ளர்களையும் வரிசையாக வைத்தார், இரண்டு கரண்டிகளைக் கோல் கம்பமாக வைத்தார், ஜாடியைக் கணவர் பக்கம் தள்ளினார்.

"சொல்லித் தொலைங்க. கோல் எப்படி விழுந்துச்சு?"

நடுவர் ஜாடியை எடுத்துச் சோற்றில் கொஞ்சம் உப்பைப் போட்டுக்கொண்டார்.

"தெரியலையே," என்றார். "நான் பார்க்கல."