அம்மாவாசையின் எட்டு நூல்

முருகன் படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டு ஒரு வருஷம் கழித்து, துடைப்பதற்காகச் சட்டத்தைக் கழற்றியபோதுதான் ஜெயம் அதைக் கண்டாள். கண்ணாடியின் நான்கு விளிம்பும் கல்லில் தேய்த்து மழுக்கப்பட்டிருந்தன. சட்டத்துக்குள் மறைந்துபோகிற விளிம்பை யாரும் தேய்ப்பதில்லை. என்றைக்காவது துடைக்கிற கை அறுபடக் கூடாதென்று, கண்ணாடி அறுத்துக் கொடுத்த அம்மாவாசை தேய்த்திருக்கிறார். சொல்லிக்கொள்ளவும் இல்லை.

முத்தியால்பேட்டைச் சந்தில் அவருடைய கடை; இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். அவர் அப்பா மில்லில் நெசவு. இவர் அஞ்சாவதோடு கண்ணாடிக்கு வந்தவர். அரையையும் காலையும் கூட்டி ஆறில் இரண்டு என்று சிலேட்டில் எழுதி அடி வாங்கியதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

"இப்ப அரையுமில்ல, காலுமில்ல. எல்லாத்தயும் நூலாக்கிட்டா ஒரே இனம். அப்புறம் கூட்டு, கழி, ஒன்னும் ஆவாது."

ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். அரை என்றால் நாலு, கால் என்றால் இரண்டு. கணக்கைக் கண்ணாடி மேலேயே மார்க்கரால் போடுவார். கழித்ததோடு விடமாட்டார். வந்த விடையோடு கழித்ததைத் திரும்பக் கூட்டி, பழைய அளவு வருகிறதா என்று பார்த்த பிறகே கண்ணாடி அறுக்கும் கட்டரைக் கையில் எடுப்பார்.

எதிர் டீக்கடை மண்ணாங்கட்டிக்கு அது வேடிக்கை. "யோவ், நீ ஒரு கண்ணாடி அறுக்கறதுக்குள்ள நான் நாலு தடவ பால் எறக்கிட்டேன்யா."

"உன் பாலு பொங்குனா வேற பாலு ஊத்தலாம். இத ஒட்ட முடியுமா?"

போன வாரம் ஜெயம் பழைய புடவையில் சுற்றிய நீலக் கண்ணாடியோடு வந்து நின்றாள். கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஒட்டடை அடிக்கும்போது கோல் பட்டு, கதவுக்கு மேலிருந்த நீலக் கண்ணாடி உடைந்துவிட்டது. வீட்டுக்கார மதாம் திட்டவில்லை. பரணிலிருந்து இந்தத் துண்டை எடுத்துக் கொடுத்து, "இந்த நீலத்துல இது ஒன்னுதான் இருக்கு, ஜெயம்" என்றார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். நாலு மணிக்கு ஆசாரி பொருத்த வருகிறார்.

நீளம் சரியாக இருந்தது. அகலத்தில்தான் அறுக்க வேண்டும். ஆசாரி சீட்டு எழுதியிருந்தார்: சட்டத்தின் வெளி அளவு பதினொன்றே கால் அங்குலம், அதில் கழிக்க வேண்டியது இரு பக்கக் கட்டை மும்மூன்று நூல், கண்ணாடி இறுகாமலிருக்க ஒரு நூல்.

"மூணும் மூணும் ஆறு, ஒன்னு ஏழு. பதினோரு இன்ச்சு ரெண்டு நூல்ல ஏழு போவணும். ரெண்டுல ஏழு போவாது, பக்கத்துல ஒரு இன்ச்ச ஒடச்சுக்க..." பத்து அங்குலம் ஐந்து நூல் என்று நீலத்தின் மேல் எழுதினார்.

"சீக்கிரம்ண்ணே. மூணரை ஆயிடுச்சு."

அவள் முகத்தைப் பார்த்தவர் அன்றைக்குத் திரும்பக் கூட்டவில்லை. கட்டரைக் கண்ணில் ஒற்றி, "முருகா" என்று மண்ணெண்ணெயில் தோய்த்தார். கட்டரின் சக்கரம் கண்ணாடியைத் தொடப்போகிற நேரம், கை நின்றது.

"இரும்மா."

மனசுக்குள் திரும்பக் கூட்டினார். ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. அதில் எட்டு நூல் ஓர் அங்குலம், மிச்சம் நாலு. ஆகப் பதினொன்றரை. கால் வரவேண்டிய இடத்தில் அரை வந்து உட்கார்ந்திருந்தது.

"எட்டு எடுக்கற எடத்துல பத்து எடுத்துட்டேன். பள்ளிக்கூடத்துப் பழக்கம், இன்னும் உட மாட்டேங்குது பாரு!"

கால் அங்குலம் அகலம் கூடுதலாக அறுத்திருந்தால், பிறகு அந்த மெல்லிய கீற்றைச் சீவும்போது பழைய கண்ணாடி மொத்தமும் சிதறியிருக்கும். அவர் எழுதியதை அழித்தார். எட்டும் இரண்டும் பத்து; ஏழு போக மூன்று. பத்து அங்குலம் மூன்று நூல். திரும்பக் கூட்டினார். பதினொன்றே கால். மறுபடியும் ஒருமுறை கூட்டினார். ஜெயம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

கிர்ரென்று ஒரு கோடு. டக்கென்று ஒரு சத்தம். அவள் கண்ணைத் திறந்தபோது நீலம் முழுசாக அவர் கையில் இருந்தது. நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அப்போதும் அவர் கல்லை எடுத்து நான்கு விளிம்பையும் தேய்த்தார்.

புடவையில் சுற்றிக் கொடுக்கும்போது சொன்னார்: "கட்டையில எறங்கலன்னா அழுத்த வேணாம்னு ஆசாரிகிட்ட சொல்லு. அப்படியே எங்கிட்ட எடுத்துட்டு வா. தப்பு என் கணக்குலதான் இருக்கும், உன் கையில இல்ல."