காரம் இறங்காத சோப்பு

நேற்று கடையில் வெட்டிவேர் சோப்பை முகர்ந்தவள், இன்று லாரி நிறுத்தும் இடமாகிவிட்ட எங்கள் பழைய பேட்டை வீட்டின் தகரக்கொட்டகைக்குள் நினைவில் போய் நின்றுவிட்டேன். அங்கேதான் அம்மா, வெட்டிவேர் ஊறிய தேங்காயெண்ணெயில் காஸ்டிக் சோடாத் தண்ணீரை ஊற்றி, மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்டிக் கிண்டி, இறுகியதும் வில்லை போட்டுக் கோரைப்பாயில் பரப்புவாள்.

"ஏட்டி, நாப்பது நாளைக்குத் தொடாத. காரம் எறங்கணும்."

கடைசியாகப் பரப்பியது காய்வதற்குள் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அப்பா அழவில்லை, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பதினாறாம் நாள் காலையில் அந்தப் பாயிலிருந்து ஒரு வில்லையை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனவர், வெகுநேரம் கழித்துக் கண் சிவந்து வெளியே வந்தார்.

"காரம் இன்னும் எறங்கலட்டி, கண்ணு எரியுது" என்றார்.

அவர் கையிலிருந்த வில்லையில் ஈரமே இல்லை.